முதல் ஸ்மோக்கர் எதை வாங்குவது: ஆஃப்செட்டா, கெட்டிலா, பெல்லட்டா?

டெக்சஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் இருக்கும் ரவுண்ட் ராக்கில் புது வீட்டுக்குக் குடிவந்த நண்பர் ஒருவர், பால் காய்ச்சிய அன்றைக்கே என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போய், "இந்த மூலையில ஒரு ஸ்மோக்கர் வைக்கணும், எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். ஸ்மோக்கர் என்றால் கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பு. போனில் மூன்று படங்கள் தயாராக வைத்திருந்தார். 200 டாலருக்குள் ஒரு ஆஃப்செட் (பக்கவாட்டில் நெருப்பு எரியும் பீப்பாய் அடுப்பு), 500 டாலரில் ஒரு பெல்லட் (மரத்தூள் உருளைகளைத் தானாக எரிக்கும் அடுப்பு), பச்சை நிறத்தில் முட்டை போல இருக்கும் பீங்கான் அடுப்பு ஒன்று. ஆஸ்டின் பக்கம் வந்து சேருகிற, கறி சாப்பிடுகிற யாருக்கும் இந்த ஆசை எப்படியும் வந்துவிடும். சனிக்கிழமை காலையில் தெருவில் ஒரு நடை போனால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஓக் விறகுப் புகை வரும், மத்தியானம் அதே பக்கம் வந்தால் அந்தப் புகையோடு கொழுப்பு உருகிய வாசனையும் சேர்ந்திருக்கும், அதற்குப் பிறகு மனசு அடங்காது. அவருக்கு வாயால் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஏழு வருடத்தில் நான்கு வகை அடுப்பு என் கொல்லையில் இருந்திருக்கிறது, மற்றதை நண்பர்கள் வீட்டில் பலமுறை பற்றவைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நேரடி நெருப்பில் வாட்டுவது வேறு, இது வேறு. வாட்டுவது சில நிமிடங்களில் முடியும். ஸ்மோக் செய்வது என்பது நெருப்பு ஒரு பக்கம், இறைச்சி இன்னொரு பக்கம், நடுவில் 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் (செல்சியசில் 107 முதல் 135) சூட்டில் புகையும் காற்றும் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பது. அவ்வளவு நேரம் எதற்கு என்றால், மாட்டின் நெஞ்சுப்பகுதி, பன்றியின் தோள், ஆட்டின் முன்னந்தொடை எல்லாம் நடந்து உழைத்த தசை, சவ்வு அதிகம். அந்தச் சவ்வு உருகிப் பசையாக மாறினால்தான் கறி மெத்தென்று வரும். ஆட்டுக்கால் சூப் குடித்தால் உதடு லேசாக ஒட்டுமே, அதே பசைதான். அது உருக அவசரப்பட முடியாது, அதனால் நீங்கள் வாங்கப் போகிற அடுப்பு என்னவாக இருந்தாலும் அதன் வேலை ஒன்றுதான்: ஒரே அளவான சிறு சூட்டை ஆறு மணி, பத்து மணி நேரம் பிடித்து நிறுத்துவது. அதை நீங்கள் உட்கார்ந்து செய்கிறீர்களா, அடுப்பு தானாகச் செய்கிறதா என்பதில்தான் இந்த எல்லா வகைக்கும் இருக்கிற வித்தியாசம்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் மேலே படிப்பதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்கள் பின்பற்றும் தீயணைப்பு விதிப்படி, எரியக்கூடிய பொருளில் கட்டிய பால்கனியிலும், அப்படிப்பட்ட சுவரிலிருந்து 10 அடிக்குள்ளும் கரி அடுப்பு வைக்கக் கூடாது. தனி வீடுகளுக்கும் தண்ணீர் தெளிப்பான் பொருத்திய கட்டடங்களுக்கும் விலக்கு உண்டு, ஆனால் வீட்டு நிர்வாகம் தன் பங்குக்குத் தனியாகத் தடை போட்டிருக்கும். அப்படி இருந்தால் கரியும் விறகும் மறந்துவிடலாம், பூங்காவில் நட்டு வைத்திருக்கும் அடுப்பில் கோழி வாட்டலாம், அல்லது கொல்லை இருக்கிற நண்பர் வீட்டில் சேர்ந்து செய்யலாம்.

சரி, ஆஃப்செட்டில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோர் கண்ணும் முதலில் அதன்மேல்தான் விழுகிறது. படுக்கவைத்த பீப்பாய், பக்கவாட்டில் ஒட்டிய சின்ன நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. நெருப்புப் பெட்டியில் விறகு எரியும், சூடும் புகையும் பீப்பாய் வழியாகப் போய் புகைபோக்கியில் வெளியேறும், வழியில் இறைச்சியை வேகவைத்துவிட்டுப் போகும். டெக்சஸ் எண்ணெய் வயல்களில் மிஞ்சிய தடித்த குழாயை வெட்டி ஒட்டித்தான் இங்கே இதைச் செய்து பழகினார்கள். லாக்ஹார்ட் போனவர்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம், அங்கே 1900-இல் தொடங்கிய க்ரைட்ஸ் (Kreuz) மார்க்கெட் என்ற புகைக்கறிக் கடை இன்னும் நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் வைத்த கறிக்கடைகளில் விற்காமல் மிஞ்சிய இறைச்சியைக் கெடாமல் இருக்கப் புகையில் போட்டதில் இருந்து வளர்ந்த வழக்கம் அது. அந்தக் கடைக்குள் நுழைந்ததும் தரை மட்டத்திலேயே எரியும் நெருப்பைப் பார்த்துவிட்டு வருகிறவர் நேராகக் கடைக்குப் போய் 200 டாலர் ஆஃப்செட்டைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொள்கிறார். நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த அடுப்பின் தகடு தகர டப்பாவை விடக் கொஞ்சம்தான் கனம். மூடிக்கும் பீப்பாய்க்கும் நடுவில் என் சுண்டுவிரல் நகம் போகிற அளவு சந்து, புகை எல்லாம் அந்தச் சந்து வழியாகவே போய்விடும், புகைபோக்கியில் வருவது கொஞ்சம்தான். ஒரு கட்டை போட்டால் 350, அது எரிந்து அடங்கினால் பத்து நிமிடத்தில் 190. காற்று திசை மாறினால் இன்னொரு கணக்கு. நெருப்புப் பெட்டிக்கு அருகில் இருந்த பக்கம் கருகி, புகைபோக்கிப் பக்கம் வேகாமல், ஒரே துண்டில் இரண்டு கறி. நாலு மணி நேரம் நான் அந்த அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்ததில் கோழி கசந்தது. கசப்புக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது: சூட்டைக் குறைக்கக் காற்றுத் துவாரத்தை மூடினேன், காற்று இல்லாமல் விறகு எரியாமல் புகைந்தது, அப்படிப் புகைந்த விறகின் வெள்ளைப் புகை கறிமேல் தாராகப் படிந்தது.

கால் அங்குலத் தகட்டில் நல்ல கொல்லன் கட்டிய ஆஃப்செட் முற்றிலும் வேறு பொருள். அது சூட்டைத் தகட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், 40 அல்லது 45 நிமிடத்துக்கு ஒரு சின்னக் கட்டை போதும், அதில் வரும் சுவைக்கு நிகராக வேறு எதுவும் இல்லை என்று நானும் சொல்வேன். ஆனால் அது 1000 டாலருக்கு மேல், எடை சில நூறு பவுண்டு, நாள் முழுக்க ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்கணும், காய்ந்த விறகு கட்டுக்கட்டாக வேண்டும். முதல் அடுப்பாக இதை வாங்காதீர்கள். நெருப்பைப் படித்த பிறகு வாங்குங்கள். மலிவான ஆஃப்செட்டை முதலாவதாகவும் வாங்காதீர்கள், இரண்டாவதாகவும் வாங்காதீர்கள். இந்தப் பொழுதுபோக்கைப் பாதியில் விட்டவர்களில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் அதில் தொடங்கியவர்கள்.

எனக்கு வழி காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வேலிக்கு மேல் என் வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டு வந்தவர், தன் கொட்டகையில் இருந்து பழைய 22 அங்குல வெபர் கெட்டிலை உருட்டிக்கொண்டு வந்து கொல்லையில் நிறுத்தினார். உருண்டையான கறுப்பு அடுப்பு, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1952-இல் சிகாகோ பக்கம் ஒரு உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே செய்துகொண்டிருந்த நீர்மிதவையின் கோளத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அடுப்பாகவும் ஒரு பாதியை மூடியாகவும் ஆக்கினார், இன்றைக்கும் வடிவம் பெரிதாக மாறவில்லை. கீழே ஒரு காற்றுவழி, மூடியில் ஒரு காற்றுவழி, அவ்வளவுதான் இயந்திரம். புதிதாக வாங்கினால் சுமார் 200 டாலர், பழையது 50, 60 டாலருக்கு நிறையக் கிடைக்கும், கால் ஆட்டம் கண்டிருந்தாலும் பரவாயில்லை, மூடி சரியாக உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதில் ஸ்மோக் செய்ய இங்கே எல்லோரும் பாம்பு என்று சொல்லும் முறை இருக்கிறது. கரிக்கட்டிகளை (கடையில் பையில் வரும், தலையணை போல அழுத்திச் செய்தவை) அடுப்பின் உள்விளிம்பை ஒட்டி வளைவாக அடுக்குவது. அகலத்துக்கு இரண்டு, அவற்றின்மேல் இன்னும் இரண்டு, இப்படியே முக்கால் வட்டம். முதல் பாதியின்மேல் இடைவெளி விட்டு நாலைந்து விறகுத் துண்டுகள், ஒவ்வொன்றும் மூடிய கைமுஷ்டி அளவு. நடுவில் ஒரு அலுமினியத் தட்டில் தண்ணீர். அப்புறம் எட்டு அல்லது பத்துக் கட்டியைத் தனியாகப் பற்றவைத்து, சாம்பல் பூத்ததும் இடுக்கியால் எடுத்துப் பாம்பின் ஒரு முனையில் வைப்பது. அவ்வளவுதான். அந்த முனையிலிருந்து நெருப்பு ஒவ்வொரு கட்டியாகத் தொற்றிக்கொண்டு மெதுவாக நகரும், ஊதுபத்தி எரிவது மாதிரி, ஏழெட்டு மணி நேரம். மூடியின் துவாரம் முழுசாகத் திறந்து இறைச்சிக்கு மேலே, கீழ்த் துவாரம் கால்வாசி. சூடு 250-ஐத் தொட்டதும் துவாரங்களைத் தொடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

அந்தப் பெரியவர் அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தது மூடியின் துவாரத்துக்குப் பின்னால் ஏதாவது இருட்டான பொருளை வைத்துப் புகையைப் பார்ப்பது. வேலிப் பலகையை வைத்துப் பார்த்தேன். முதல் கால் மணி நேரம் பஞ்சு போல வெள்ளையாக உருண்டு வந்தது. "இன்னும் போடாதே" என்றார். அப்புறம் மெலிந்து, வெயில் பட்ட இடத்தில் நீலம் தெரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு வந்தது, கையைக் காட்டினால் சூடு மட்டும் தெரிந்தது, முகர்ந்தால் இனிப்பான வாசம். "இப்போ போடு" என்றார். பாட்டி வீட்டு விறகடுப்பில் ஈர விறகு வைத்தால் வரும் புகைக்குக் கண் எரியும், காய்ந்த விறகு நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு அடுப்பங்கரையில் உட்காரவே சுகமாக இருக்கும், அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. விறகுத் துண்டைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது, வேண்டாம், அது முதலில் ஆவியைத்தான் விடும், புகையை அல்ல.

கெட்டிலின் குறைகளும் இருக்கின்றன. ஒரு முழு பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுப்பகுதி) வைத்தால் இடம் முடிந்தது, பத்துப் பேருக்கு மேல் என்றால் திணறும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நடுவில் பாம்பின் வாலில் கரி சேர்க்கணும். மழை பலமாக அடித்தால் துவாரம் வழியாகத் தண்ணீர் இறங்கும். ஆனால் ஸ்மோக் பிடிக்கவில்லை என்றால் அதிலேயே மீன் வாட்டலாம், கோழி வாட்டலாம், சுட்ட கத்திரிக்காய்க்குக் கத்திரிக்காய் சுடலாம். போட்ட பணம் வீணாகாத ஒரே அடுப்பு இதுதான் என்பது என் கருத்து.

அதே நிறுவனத்தின் ஸ்மோக்கி மவுண்டன், 1981-இல் வந்தது, நின்ற வாக்கில் துப்பாக்கிக் குண்டு மாதிரி இருக்கும். கீழே கரி, நடுவில் தண்ணீர்ச் சட்டி, மேலே இரண்டு தட்டு. 14, 18, 22 அங்குலம் என்று மூன்று அளவு, வீட்டுக்கு 18 போதும், 400 டாலர் சுமாராக ஆகும். பற்றாத கரியை வளையம் நிறைய நிரப்பி நடுவில் கொஞ்சம் தணலைக் கொட்டிவிட்டால், ராத்திரி பதினோரு மணிக்கு வைத்துவிட்டுத் தூங்கிக் காலையில் எழுந்து பார்க்கலாம், சூடு பெரும்பாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். நெருப்பின் சுவையும் வேணும், தூக்கமும் வேணும் என்கிறவர்களுக்கு இதுதான். ஆனால் இது ஸ்மோக்கர் மட்டுமே, தினசரி வாட்டுவதற்குச் சிரமம். ஸ்மோக் செய்வது தொடரும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு இதற்கு வரலாம், நான் அப்படித்தான் வந்தேன், இன்றைக்கும் என் பெரிய சமையல் எல்லாம் இதில்தான்.

இப்போது பெல்லட். இதைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது, ஒரு கட்சி இதை ஸ்மோக்கர் என்றே ஒப்புக்கொள்ளாது. எனக்கு அந்தக் கோபம் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகள் ஒரு தொட்டியில் இருக்கும், ஒரு திருகாணி அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும், சூடான கம்பி ஒன்று பற்றவைக்கும், விசிறி காற்று கொடுக்கும், உணரி சூட்டைப் பார்த்து எவ்வளவு தள்ளுவது என்று முடிவு செய்யும். ஓரிகனில் ஜோ ட்ரேகர் 1986-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், 2006-இல் அது முடிந்த பிறகுதான் மற்ற நிறுவனங்கள் வரிசையாக இறங்கின, விலையும் இறங்கியது. 225 என்று வைத்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்காரலாம், போனில் பார்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதில் மாதம் இரண்டு முறை பன்றித் தோள் போடுகிறார். அவரிடம் நான் கெட்டிலைத் தள்ளியிருந்தால் ஒரு முறைகூடப் போட்டிருக்க மாட்டார்.

குறை என்ன என்றால், அந்த நெருப்பு மிகச் சுத்தமாக, விசிறிக் காற்றில் எரிகிறது, அதனால் புகைச்சுவை மெல்லியதாகத்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாலும் விறகில் வெந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லிவிடலாம். முதல் மூன்று மணி நேரம் சூட்டை 200-க்குக் கீழே வைத்தால் கொஞ்சம் கூடும். அப்புறம் இது ஒரு இயந்திரம், மோட்டார், மின்பலகை எல்லாம் இருக்கிறது, ஏதாவது ஒன்று போனால் கறி பாதியில் நிற்கும். கரண்ட் போனாலும் அதேதான். பெல்லட் ஈரம் பட்டால் ஊதிப் புட்டுமாவு மாதிரி ஆகித் திருகாணியில் இறுகிவிடும், நான் ஒருமுறை நண்பர் வீட்டில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்திருக்கிறேன், ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். 400, 500 டாலரில் கிடைப்பது தொடங்கப் போதும், 800 தாண்டினால் தகடும் கட்டுப்பாடும் நன்றாக இருக்கும்.

மின்சார ஸ்மோக்கர், சின்ன ஃப்ரிட்ஜ் மாதிரி நிற்பது, 200, 300 டாலர். உள்ளே ஒரு சூடேற்றும் கம்பி, அதன்மேல் மரச்சீவல். பல மாடல்கள் 275-க்கு மேல் போகாது, அதனால் கோழித் தோல் ரப்பர் மாதிரி வரும். மீனுக்கும் சீஸுக்கும் நல்லது. கறிக்கு, மேல்பக்கம் கறுத்து மொறுமொறுவென்று ஒரு பட்டை கட்டுமே, அது இதில் சரியாக வராது. நான் பரிந்துரைக்க மாட்டேன். கேஸ் அலமாரி வகையும் கிட்டத்தட்ட அப்படியே, சூடு கொஞ்சம் கூடுதலாக ஏறும் என்பது மட்டும் வித்தியாசம்.

கமாடோ, அந்தப் பச்சை முட்டை. ஜப்பானிய மண் அடுப்பின் வழிவந்த பீங்கான் அடுப்பு, அமெரிக்காவில் 1974-இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் மூலம் பரவியது. தடித்த சுவர் என்பதால் ஒரு கூடை கட்டைக்கரியில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நிற்கும், குளிரும் காற்றும் இதை ஒன்றும் செய்யாது, 700 டிகிரிக்கு ஏற்றினால் நாண் கூடச் சுடலாம், தந்தூரி அடுப்பில் வருகிற அதே கொப்புளம். ஆனால் சூட்டைத் தாண்டவிட்டுவிட்டால் இறக்குவது பெரும்பாடு, அந்தச் சுவர் மணிக்கணக்கில் சூட்டை விடாது. நல்லது 1000 டாலருக்கு மேல், எடை 70 கிலோ, கீழே விழுந்தால் உடைந்தது உடைந்ததுதான். இன்னொன்று, மூடியிருந்த அடுப்பைத் திறக்கும்போது முதலில் இரண்டு அங்குலம் தூக்கிக் காற்று போகவிட்டுத்தான் முழுதும் திறக்கணும், சட்டென்று திறந்தால் தீ நாக்கு வெளியே பாயும். வாடகை வீட்டில் இருந்து மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு வேண்டாம். இந்த வீட்டில்தான் இருபது வருடம் என்று இருப்பவர்கள், பணமும் இருந்தால், தைரியமாக வாங்கலாம்.

எதை வாங்கினாலும் அதோடு வாங்க வேண்டியது தெர்மாமீட்டர். இதை நான் அடுப்புக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். மூடியில் பதித்து வரும் வட்ட முள்ளை நம்பாதீர்கள், அது மூடிக்கு அருகில் உள்ள சூட்டைக் காட்டும், கறி இருக்கும் தட்டில் 30, 50 டிகிரி வேறாக இருக்கும். இரண்டு கம்பி உள்ளதாக வாங்குங்கள், ஒன்று தட்டில், ஒன்று கறிக்குள். 40, 50 டாலர். வந்ததும் கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பாருங்கள், ஆஸ்டின் மாதிரித் தாழ்வான ஊரில் 212-ஐ ஒட்டிக் காட்டவேண்டும். கரி பற்றவைக்க எண்ணெய் ஊற்றாதீர்கள், வாசனை கறியில் ஏறும். சிம்னி என்று தகரக் குழல் 25 டாலருக்குள் கிடைக்கும், கரியை அதில் நிரப்பி, கீழே இரண்டு காகிதம் கசக்கி வைத்துப் பற்றவைத்தால் போதும்.

விறகு இங்கே போஸ்ட் ஓக்தான், மிதமான புகை, எதற்கும் ஒத்துப்போகும். பீக்கன் டெக்சஸின் மாநில மரம், கொஞ்சம் இனிப்பு, கோழிக்கு எனக்குப் பிடித்தது அதுதான். ஆப்பிள், செர்ரி பன்றிக்கு. மெஸ்கீட் நம் ஊர் சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்களே அதேதான் கிட்டத்தட்ட. மளமளவென்று சூடாக எரியும், வாசனை முரடு. வாட்டுவதற்கு அருமை, எட்டு மணி நேரப் புகைக்குப் போட்டால் கசந்துவிடும்.

முதல் நாளே பிரிஸ்கெட் வாங்கிவிடாதீர்கள். பன்னிரண்டு பவுண்டு இறைச்சி, 60, 70 டாலர், கொழுப்புள்ள பகுதியும் கொழுப்பில்லாத பகுதியும் ஒரே துண்டில், ஒன்று சரியாக வரும்போது மற்றது வறண்டுவிடும். முதலில் தொடையோடு சேர்ந்த கோழிக்கால். 300 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், உள்சூடு 165 வந்தாலே பாதுகாப்பு, கால் துண்டுக்கு 175, 180 வரை விட்டால்தான் எலும்பை விட்டு வரும். இரண்டாவது, பன்றி சாப்பிடுகிறவர்கள் என்றால் பாஸ்டன் பட், பெயர் அப்படி இருந்தாலும் தோள்பகுதி, எட்டு பவுண்டு. 250-இல் பத்துப் பன்னிரண்டு மணி. சூடு கூடினாலும் குறைந்தாலும் அது மன்னித்துவிடும், அவ்வளவு கொழுப்பு.

மாடும் பன்றியும் வீட்டில் கிடையாது என்கிறவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்கு ஆட்டு முன்னந்தொடை, ஹலால் கடையில் முழுசாக வெட்டாமல் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் பழக்கத்தில் கறிவெட்டு வெட்டிவிடப் பார்ப்பார், நிறுத்துங்கள். நாலைந்து பவுண்டு. உப்பு, கரகரப்பாகத் தட்டிய மிளகு, வறுத்துப் பொடித்த சீரகம், கொஞ்சம் மிளகாய்த்தூள், முதல் நாள் ராத்திரியே தடவி ஃப்ரிட்ஜில் மூடாமல் வையுங்கள். 250-இல் மூன்று மணி நேரம் புகை, நிறம் கறுஞ்சிவப்பாக வந்ததும் ஒரு தட்டில் வைத்து, அரைக் கப் எலும்புச் சாறும் கொஞ்சம் நெய்யும் ஊற்றி அலுமினியத் தாளால் இறுக மூடி, இன்னும் இரண்டு இரண்டரை மணி நேரம். ஆட்டில் கொழுப்புக் குறைவு, மூடாமல் விட்டால் கயிறாகிவிடும். உள்சூடு 200-ஐ ஒட்டியதும் கம்பியைக் குத்திப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கணும். தட்டில் ஊறிய சாற்றைப் பரோட்டாவுக்குத் தொட்டுக்கொண்டால் சால்னா கேட்காது.

பெரிய துண்டு போடுகிறவர்கள் ஒன்றை எதிர்பார்த்து இருங்கள். உள்சூடு 150, 160 வரை ஒழுங்காக ஏறிவந்து அப்படியே நின்றுவிடும். மணிக்கணக்கில் நிற்கும். என் முதல் பன்றித் தோள் நாலு மணி நேரம் 158-இல் நின்றது, விருந்துக்கு வந்தவர்கள் சோபாவில், நான் கொல்லையில், கரியைக் கூட்டலாமா என்று கை பரபரத்தது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானை வியர்க்கிறது, அந்த ஈரம் ஆவியாகப் போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கறியும் அப்படித்தான் வியர்க்கிறது, நீங்கள் கொடுக்கும் சூடும் வியர்வை எடுத்துப்போகும் சூடும் சமமாகி நின்றுவிடுகிறது. ஈரம் தீர்ந்ததும் தானாக ஏறும். அவசரம் என்றால் கறிக்கடைத் தாளிலோ அலுமினியத் தாளிலோ சுற்றிவிடலாம், ஆவி போக வழியில்லை, சூடு ஏறும், மேல் பட்டை மட்டும் கொஞ்சம் இளகும். விருந்து ஏழு மணிக்கு என்றால் நாலு மணிக்கே முடிவது போலக் கணக்குப் போடுங்கள். முடிந்த கறியைத் துண்டில் சுற்றி ஐஸ்பெட்டியில் (ஐஸ் இல்லாமல்தான்) வைத்தால் மூன்று மணி நேரம் சுடச்சுட இருக்கும், 140-க்குக் கீழே மட்டும் இறங்க விடாதீர்கள். பரிமாறியதை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், டெக்சஸ் வெயில் 90-ஐத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான்.

இதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும்: கரியும் விறகும் பெல்லட்டும் எரிகிற எந்த அடுப்பையும் கராஜுக்குள் வைத்துப் பற்றவைக்காதீர்கள், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம், மழை என்றாலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அணைந்தது போலத் தெரியும் சாம்பலை மறுநாள் வரை தொடாதீர்கள், அதுவும் மூடியுள்ள தகர வாளியில்தான்.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்றால், உங்களுக்கு சனிக்கிழமை சும்மா கிடைக்குமா, நெருப்புப் பக்கத்தில் உட்காரப் பிடிக்குமா என்று முதலில் யோசியுங்கள். பிடிக்கும் என்றால் கெட்டில், ஒரு வருடம் கழித்து ஸ்மோக்கி மவுண்டன், அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் நல்ல தகட்டு ஆஃப்செட். சமைக்கப் பிடிக்கும், காத்திருக்க நேரமில்லை என்றால் தயங்காமல் பெல்லட், யார் என்ன சொன்னாலும். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பக்கத்து ஊரான சீடர் பார்க்கில் ஒருவரிடம் 60 டாலருக்குப் பழைய கெட்டில் ஒன்றைப் பார்த்து வாங்கிவிட்டார். மூடி நன்றாக உட்காருகிறது, சாம்பல் தட்டு மட்டும் துருப்பிடித்திருக்கிறது, புதியது பத்துப் பதினைந்து டாலருக்குள் கிடைக்கும். வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் பாம்பு அடுக்குகிறோம், பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன், பீக்கன் துண்டு அவர் கொண்டுவருகிறாராம்.